சாம்பியனை எதிர்த்த நட்சத்திர அணி: அமெரிக்கன் ஃபுட்பாலின் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டங்கள்

ஒரு வாசகர் கேட்டிருப்பது இரண்டு விஷயம். அமெரிக்கன் ஃபுட்பாலில் தொழில்முறை வீரர்களின் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் (பல அணிகளின் சிறந்தவர்களைச் சேர்த்து ஆடும் ஆட்டம்) நடந்தது 1934இலா, 1939இலா, 1951இலா? மூன்று இடத்தில் மூன்று விதமாகப் போட்டிருக்கிறதே என்பது ஒன்று. லீக் முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த அணி ஒரே ஒரு கிளப்பிடம் ஏன் திரும்பத் திரும்பத் தோற்றது என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். மூன்று ஆண்டிலும் ஆட்டம் நடந்தது, ஆனால் அவை மூன்று வேறு ஆட்டங்கள். 1934 ஆகஸ்ட் 31 அன்று சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் நடந்தது, அப்போதுதான் கல்லூரி ஆட்டத்தை முடித்திருந்த நட்சத்திரங்களுக்கும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் சாம்பியனான சிகாகோ பேர்ஸுக்கும் இடையிலான ஆட்டம். அதில் ஒரு பக்கம் மட்டும்தான் தொழில்முறை. 1939 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததில் இரு பக்கமும் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள்: சாம்பியன் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒரு பக்கம், மற்ற அணிகளிலிருந்து எடுத்தவர்கள் மறுபக்கம். 1951 ஜனவரி 14 ஆட்டம் லீக்கின் இரண்டு கான்ஃபரன்ஸ்களின் (உட்பிரிவுகளின்) தேர்வு அணிகள் மோதியது. அதுதான் புரோ பவுல் என்ற தொடரின் தொடக்கம். ஆக, "முதல் தொழில்முறை ஆல்-ஸ்டார் ஆட்டம்" என்று கேட்டால் 1939 என்று சொல்வதே பொருந்தும்.

இரண்டாவது கேள்விதான் சுவாரஸ்யமானது. சாம்பியன் எதிர் நட்சத்திர அணி என்ற அமைப்பில் மொத்தம் ஐந்து ஆட்டங்கள் நடந்தன:

1939 ஜனவரி 15, லாஸ் ஏஞ்சலஸ் ரிக்லி ஃபீல்டு: நியூயார்க் ஜயன்ட்ஸ் 13, ஆல்-ஸ்டார்ஸ் 10
1940 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ் கில்மோர் ஸ்டேடியம்: கிரீன் பே பேக்கர்ஸ் 16, ஆல்-ஸ்டார்ஸ் 7
1940 டிசம்பர் 29, கில்மோர் ஸ்டேடியம்: சிகாகோ பேர்ஸ் 28, ஆல்-ஸ்டார்ஸ் 14
1942 ஜனவரி 4, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்: சிகாகோ பேர்ஸ் 35, ஆல்-ஸ்டார்ஸ் 24
1942 டிசம்பர் 27, பிலடெல்பியா ஷைப் பார்க்: ஆல்-ஸ்டார்ஸ் 17, வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் 14

ஐந்தில் நாலு சாம்பியனுக்கு. மொத்தப் புள்ளி 106க்கு 72. நம்மூர் கிரிக்கெட்டில் இதே அமைப்பு இருக்கிறது: ரஞ்சி சாம்பியனும் ரெஸ்ட் ஆஃப் இந்தியாவும் மோதும் இரானி கோப்பை. அங்கே அதிக முறை ஜெயித்தது ரெஸ்ட் ஆஃப் இந்தியாதான். முன்பின் பழகாத ஒரு பௌலரும் ஒரு விக்கெட் கீப்பரும் முதல் நாள் காலையிலேயே ஒன்றாக ஆடிவிடலாம். பேட்ஸ்மேன் தன் வேலையைத் தனியாகத்தான் செய்கிறார். 1930களின் அமெரிக்கன் ஃபுட்பாலில் அது நடக்காது. ஏன் என்று பார்க்க அன்றைய ஆட்டத்தின் உள்ளே போக வேண்டும்.

இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். அன்று தாக்குதலுக்கு ஓர் அணி, தற்காப்புக்கு ஓர் அணி என்று பிரித்து அனுப்பும் வழக்கம் இல்லை. அதே 11 பேர்தான் இரண்டும் ஆட வேண்டும். ஆளை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி 1943இல்தான் வந்தது, நிரந்தரமானது 1950இல். கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச் உள்ளே இருப்பவருக்கு யோசனை சொல்வதும் 1944 வரை கூடாது. எந்த பிளே (முன்பே திட்டமிட்ட நகர்வு) ஆடுவது என்பதைக் களத்தில் உள்ள ஒரு ஆட்டக்காரரே முடிவு செய்து சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பு வரை எதிரணியில் இருந்தவர்கள் 10 பேரின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படியாக இருந்தால்தான் அந்த முடிவு சரியாக வரும்.

பெரும்பாலான அணிகள் ஆடியது சிங்கிள் விங் என்ற ஆட்ட அமைப்பு அல்லது அதன் கிளை அமைப்புகள். ஏழு பேர் முன்வரிசை, நாலு பேர் பின்னால். இதில் குவார்ட்டர்பேக் என்ற பெயரில் நிற்பவர் பெரும்பாலும் தடுத்து வழிவிடும் ஆள்தான். பந்தை வாங்கி ஓடுவதும் எறிவதும் உதைப்பதும் டெயில்பேக்கின் வேலை. முன்வரிசையில் நின்று பந்தைப் பின்னால் அனுப்பும் சென்டருக்கு 4, 5 யார்டு பின்னால் அவர் நிற்பார். பந்து கைமாறிப் போகாது, காற்றில் போகும்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் நெருங்கிப் பார்த்தால் போதும். சென்டர் குனிந்து, தன் கால்களுக்கு இடையே தலைகீழாகப் பார்த்து பந்தை எறிகிறார். டெயில்பேக் வலப்பக்கம் சுற்றி ஓடப்போகிறார் என்றால், பந்து அவர் நிற்கும் இடத்துக்கு வரக் கூடாது. அவர் அடுத்து கால் வைக்கப்போகும் இடத்துக்கு, இடுப்பு உயரத்தில் வர வேண்டும். அவர் ஓட்டத்தை நிறுத்தாமல் வாங்க வேண்டும். பந்து எறியப்போகிறார் என்றால் நேராக மார்புக்கு வர வேண்டும். உதைக்கப்போகிறார் என்றால் இன்னும் பின்னால், இன்னும் வேகமாக. ஃபுல்பேக் நடுவில் பாய்ந்து வருகிறார் என்றால் முழங்கால் உயரத்தில் மெதுவாக. ஒவ்வொரு டெயில்பேக்கின் முதல் அடியும் ஒவ்வொரு நீளம். சென்டர் அதை நூற்றுக்கணக்கான முறை எறிந்து எறிந்துதான் பழகுகிறார். புது ஜோடி என்றால் பந்து அரை அடி பின்தங்கும், டெயில்பேக் ஒரு கணம் நின்று வாங்குவார், அதற்குள் தற்காப்பு வரிசை கோட்டைத் தாண்டியிருக்கும். பந்து கைநழுவினால் இன்னும் மோசம். எறிந்த கையோடு சென்டர் தலையை நிமிர்த்தி எதிரே வருபவனையும் தடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

1939 ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் பக்கம் இருந்த சென்டர் மெல் ஹைன். 1938 சீசனில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், 1931இலிருந்து அதே அணியில் இருந்தவர். கோச் ஸ்டீவ் ஓவன் அமைத்த ஏ ஃபார்மேஷனில் முன்வரிசையின் கனம் ஒரு பக்கம் இருக்கும், பின்வரிசை மறுபக்கம் சாய்ந்து நிற்கும், பந்து பின்னால் இருக்கும் யாருக்கு வேண்டுமானாலும் நேராகப் போகும். ஹைன் போன்ற சென்டர் இல்லாமல் அந்த அமைப்பு ஒரு நாள்கூட ஓடாது. ஓவன் தன் ஆட்களைச் சம பலமுள்ள இரண்டு குழுவாகப் பிரித்து மாற்றி மாற்றி இறக்கும் வழக்கமும் வைத்திருந்தார். கட்டுப்பாடான ஆள்மாற்ற விதிக்குள் களைப்பைச் சமாளிக்க அதைவிடச் சிறந்த வழி அன்று யாரிடமும் இல்லை என்றே சொல்லலாம்.

அடுத்தது கார்டுகள், அதாவது முன்வரிசையில் சென்டருக்கு அருகில் நிற்பவர்கள். சிங்கிள் விங்கில் வெளிப்பக்க ஓட்டத்துக்கு இரண்டு கார்டுகளும் தங்கள் இடத்தை விட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் ஓடி, பந்துக்காரருக்கு முன்னால் வழி திறக்க வேண்டும். எண்டும் (முன்வரிசை ஓரத்தில் நிற்பவர்) விங்பேக்கும் (பின்வரிசையில் வெளிப்பக்கம் நிற்பவர்) சேர்ந்து எதிரணி டாக்கிளை (கார்டுக்கும் எண்டுக்கும் இடையே நிற்பவர்) உள்ளே அழுத்த வேண்டும். கார்டு விட்டுப்போன இடைவெளியை டாக்கிளோ சென்டரோ அடைக்க வேண்டும். எல்லாம் ஒரே எண்ணிக்கையில் நடக்க வேண்டும். இங்கே தவறு எப்படி வரும் என்றால், ஒருவர் பழகிய அணியில் வலப்பக்க இடைவெளிகளுக்கு இரட்டைப்படை எண், இன்னொருவர் அணியில் நேர்மாறு; ஒருவருக்கு பந்து நகரும் குறி இரண்டாவது எண்ணிக்கை, இன்னொருவருக்கு மூன்றாவது. மூளைக்குப் புது எண் தெரியும், களைத்துப்போன மூன்றாவது குவார்ட்டரில் கால் பழைய எண்ணுக்குத்தான் போகும். இரண்டு கார்டுகள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வது இப்படித்தான்.

அதனால் நட்சத்திர அணியின் கோச் செய்யக்கூடியது ஒன்றுதான்: எல்லோருக்கும் பொதுவான சில பிளேகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவது. வெட்டினால் குழப்பம் குறையும், ஆனால் எதிரணி அரை ஆட்டத்துக்குள் எல்லாவற்றையும் படித்துவிடும். இதற்கு மிஞ்சிய பலம் தனியாள் திறமைதான்: நீளமான பாஸ், நல்ல உதை, ஒரு ஓட்டக்காரர் தானாகத் தப்பித்துப் போவது. வாஷிங்டன் அணியின் டெயில்பேக் சாமி பா போன்ற ஒருவர் இருந்தால் இந்த மூன்றில் இரண்டு உறுதி. 1940 சீசனில் அவருடைய பண்ட் (பந்தை எதிரணி பக்கம் தூரமாக உதைத்துவிடுவது) சராசரி 51.4 யார்டு, அந்தச் சாதனை 2022 வரை நின்றது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். "மற்ற எல்லா அணிகளின் சிறந்தவர்கள்" என்பதில் சாம்பியன் அணியின் சிறந்தவர்கள் கிடையாது. 1938 சீசனுக்கான ஆட்டத்தில் ஜயன்ட்ஸின் ஹைன், டஃபி லீமன்ஸ், வார்ட் கஃப் எல்லோரும் எதிர்ப்பக்கம். அடுத்த ஆண்டு பேக்கர்ஸின் டான் ஹட்சன், அன்று பந்து பிடிப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை, அவரும் எதிர்ப்பக்கம். 1938இல் லீக்கில் இருந்தவையே 10 அணிகள். சாம்பியன் அணி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதிலிருந்துதான் தேர்வு. அந்தத் தேர்வும் ரசிகர் வாக்கு வழியாக. ரசிகர் வாக்கில் ஓடுபவர்களும் எறிபவர்களும் தாராளமாக வருவார்கள், கார்டுக்கும் டாக்கிளுக்கும் யார் வாக்குப் போடுவது?

நடைமுறையில் அமைப்பாளர்கள் உள்ளூர் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டார்கள். 1939 அணியில் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களோடு லாஸ் ஏஞ்சலஸ் புல்டாக்ஸ், ஹாலிவுட் ஸ்டார்ஸ் என்ற உள்ளூர் அணிகளின் ஆட்களும் இருந்தார்கள். இதை வைத்து அந்த அணியை மட்டமாக எடைபோட வேண்டாம். புல்டாக்ஸ் 1937இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற போட்டி லீக்கில் 8 ஆட்டங்களையும் ஜெயித்துச் சாம்பியன் ஆன அணி. அதே ஆண்டு என்.எஃப்.எல். ஒரு புது அணியைச் சேர்த்தபோது இடம் புல்டாக்ஸுக்குக் கிடைக்காமல் கிளீவ்லண்ட் ராம்ஸுக்குப் போனது. லாஸ் ஏஞ்சலஸ் போய்வரும் ரயில் தூரமே பெரிய தடை; சிகாகோவிலிருந்து மிக வேகமான சூப்பர் சீஃப் ரயிலே 39 மணி 45 நிமிடம் எடுத்துக்கொண்டது.

தூரம் தடையாக இருந்தும் ஆட்டத்தை ஏன் அங்கே வைத்தார்கள்? ஜனவரியில் கிரீன் பேயிலோ சிகாகோவிலோ தரை கல்லாக உறைந்திருக்கும், பார்க்க யாரும் வர மாட்டார்கள். தெற்கு கலிஃபோர்னியாவில் குளிர்கால ஃபுட்பாலுக்குக் கூட்டம் சேரும் என்பது 1926 ஜனவரியிலேயே தெரிந்த விஷயம். அன்றைய பெரிய நட்சத்திர ஓட்டக்காரர் ரெட் கிரேஞ்சை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய சிகாகோ பேர்ஸுக்கு லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்தில்தான் பயணத்தின் மிகப் பெரிய கூட்டம் வந்தது. இந்த நினைவுதான் வாஷிங்டன் அணி முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விளையாட்டு ஆசிரியர் பில் ஹென்றி, ஆட்ட ஏற்பாட்டாளர் டாம் கேலரி மூவரையும் 1938இல் ஒன்று சேர்த்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 1939இல் வந்தது சுமார் 15,000 பேர். அதற்கு ஐந்து வாரம் முன்பு, டிசம்பர் 11 அன்று, போலோ கிரவுண்ட்ஸில் ஜயன்ட்ஸ் பேக்கர்ஸை 23-17 என்று வென்ற இறுதி ஆட்டத்துக்கு வந்தது 48,120. கணக்கு அமைப்பாளர்களுக்குச் சாதகமாக இல்லை. அடுத்த ஆண்டு ஆட்டம் ஜனவரி 7இலிருந்து மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. வெயிலை நம்பி லாஸ் ஏஞ்சலஸ் போனவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

பயிற்சி நேரம்தான் முடிவைத் தீர்மானித்தது என்று சொன்னால், அதற்குச் சான்று சிகாகோ கல்லூரி ஆட்டத்தில் இருக்கிறது. அதை நடத்தியவர் சிகாகோ டிரிபியூன் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு. 1933இல் பேஸ்பாலுக்கு ஆல்-ஸ்டார் ஆட்டம் ஏற்பாடு செய்தவரும் அவர்தான். 1934 முதல் 1942 வரை நடந்த ஒன்பது ஆட்டங்களில் தொழில்முறை அணிகள் ஜெயித்தது ஐந்து, கல்லூரி நட்சத்திரங்கள் ஜெயித்தது இரண்டு, சமன் இரண்டு. இன்னும் சம்பளமே வாங்காத பையன்கள், அனுபவம் மிக்க தொழில்முறை நட்சத்திர அணியைவிட நன்றாக நின்றிருக்கிறார்கள்! 1934இல் 0-0. 1935இல் பேர்ஸ் 5-0, அதாவது ஒரு ஃபீல்டு கோலுக்கு (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) 3, ஒரு சேஃப்டிக்கு (பந்துக்காரரை அவருடைய சொந்த எல்லைப் பகுதியில் மடக்குவது) 2, டச்டவுனே (பந்தை எதிரணி எல்லைப் பகுதிக்குள் கொண்டுபோவது) இல்லை. அந்த ஆட்டத்தில் கல்லூரி அணியில் மிச்சிகன் சென்டர் ஒருவர் ஆடினார். பெயர் ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அமெரிக்க அதிபர். 1936இல் டெட்ராய்ட் லயன்ஸோடு 7-7. 1937இல் கிரீன் பேயை 6-0 என்று சாய்த்தது ஒரே ஒரு பாஸ்: சாமி பா எறிந்தது, கேநெல் டின்ஸ்லி பிடித்து 47 யார்டு போனது. 1938இல் வாஷிங்டனை 28-16.

காரணம் இரண்டு. கல்லூரி அணி ஆகஸ்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சுமார் மூன்று வாரம் முகாம் போட்டு ஒரே அமைப்பைப் பழகியது. மூன்று வாரம் என்பது சென்டருக்கும் டெயில்பேக்குக்கும் பழக்கம் வரப் போதுமான காலம். மறுபுறம் சாம்பியன் அணி எட்டு மாதம் ஆடாமல் இருந்துவிட்டு சீசன் தொடங்கும் முன் வந்து நிற்கிறது. உடம்பு இன்னும் பதத்துக்கு வரவில்லை. ஜனவரி ஆட்டத்தில் இரண்டும் தலைகீழ். சாம்பியன் அணி நாலு மாதம் இடைவிடாமல் ஆடி, இறுதி ஆட்டத்தை ஜெயித்த கையோடு வருகிறது. நட்சத்திர அணியோ சில நாளில் கூடியது. அதே சாம்பியன், மாதமும் முகாமும்தான் வேறு. கூட்டத்திலும் இதே வித்தியாசம்: சிகாகோவில் 1934இல் 79,432 பேர், 1947இல் 1,05,840 பேர்.

இந்த வாதத்துக்கு இடிக்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. 1940 டிசம்பர் 8 அன்று இறுதி ஆட்டத்தில் பேர்ஸ் வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கியது. மூன்று வாரம் கழித்து அதே பேர்ஸுக்கு எதிராக ஆல்-ஸ்டார்ஸ் 28-14 என்று தோற்றது. பழகிய அணி 73 வாங்க, பழகாத அணி 28தான் வாங்கியது என்றால் பழக்கத்துக்கு என்ன மதிப்பு? இங்கே 73-0 என்பதுதான் விதிவிலக்கு. நவம்பர் 17 அன்று இதே வாஷிங்டன் 7-3 என்று பேர்ஸை வென்றிருந்தது. தவிர, இது காட்சி ஆட்டம். யாரும் காலை உடைத்துக்கொள்ள லாஸ் ஏஞ்சலஸ் வரவில்லை. இந்த ஐந்து ஆட்டங்களின் ஸ்கோரை வைத்து அணிகளின் உண்மையான பலத்தை யார்டு கணக்கில் அளக்க முயல்வது வீண் வேலை. யார் ஜெயித்தார்கள், ஏன் ஜெயித்தார்கள் என்பது வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பேர்ஸ் ஆடியது டி ஃபார்மேஷன். குவார்ட்டர்பேக் சிட் லக்மன் சென்டரை ஒட்டி நின்று பந்தைக் கையில் வாங்குவார். ஒரு ஆள் பந்து நகரும் முன்பே பக்கவாட்டில் ஓடத் தொடங்குவார், தற்காப்பு அணி அவரைப் பார்த்து இடம் மாற வேண்டும். இதை எதிர்கொள்ள ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொள்ளும் ஒப்பந்தம் தேவை. நட்சத்திர அணிக்கு அது கிடையாது. 1942 ஜனவரியிலும் பேர்ஸ் 35 புள்ளி எடுத்தது இப்படித்தான் புரிகிறது. ஆனால் அந்த முறை ஆல்-ஸ்டார்ஸும் 24 எடுத்தது, ஐந்து ஆட்டங்களில் அவர்களுடைய அதிகபட்சம்.

அந்த ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸை விட்டு நியூயார்க் போனதற்குப் போர் காரணம். 1941 டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவதை ராணுவம் விரும்பவில்லை. புத்தாண்டுக் கல்லூரி ஆட்டமான ரோஸ் பவுலே கலிஃபோர்னியாவை விட்டு வட கரோலினா டர்ஹாமுக்கு மாறியது. 1942 டிசம்பரில் பிலடெல்பியாவில் நட்சத்திர அணி தன் ஒரே வெற்றியைப் பெற்றது. அதன் பிறகு போர்க்காலப் பயணக் கட்டுப்பாடும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டன.

"ஆல்-ஸ்டார்" என்ற பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. எழுதி வைத்த விதி இல்லை, முதலாளிகளுக்குள் இருந்த புரிதல். கில்மோர் ஸ்டேடியத்தில் ஆல்-ஸ்டார் ஆட்டம் நடந்த அதே ஊரில் கறுப்பின ஆட்டக்காரர் கென்னி வாஷிங்டன் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு ஆடி முடித்து, என்.எஃப்.எல். வாய்ப்பு கிடைக்காமல் மேற்குக் கரை லீக்கில் ஹாலிவுட் பேர்ஸுக்கு ஆடினார். 1946இல் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து கொலிசியத்தைக் கேட்டபோது எழுந்த அழுத்தத்தால்தான் அவர் லீக்குக்குள் வந்தார். இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்த மார்ஷலின் வாஷிங்டன் அணிதான் கடைசியாக, 1962இல், கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்த அணி.

இனி, இந்த ஆட்டங்களைப் பற்றித் தேடும்போது எங்கே தவறு வரும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் பொறி ஆண்டு. "1938 ஆல்-ஸ்டார் ஆட்டம்" என்று போட்டிருந்தால் அது 1938 சீசனுடையது, நடந்தது 1939இல். நாட்காட்டிப்படி 1940இல் இரண்டு ஆட்டம், 1941இல் ஒன்றுமில்லை, 1942இல் மறுபடி இரண்டு. "1940 ஆட்டம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஸ்கோரைப் பாருங்கள்: பேக்கர்ஸ் 16-7 என்றால் 1939 சீசன், பேர்ஸ் 28-14 என்றால் 1940 சீசன்.

அடுத்தது மைதானம். ரிக்லி ஃபீல்டு என்றதும் சிகாகோ என்று நினைத்துவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1925இல் திறந்த பேஸ்பால் மைதானத்துக்கும் அதே சூயிங் கம் முதலாளியின் பெயர்தான், சிகாகோ மைதானத்துக்கு முன்பே அந்தப் பெயர் இதற்கு வந்துவிட்டது. 1969இல் இடித்துவிட்டார்கள். கில்மோர் ஸ்டேடியமும் இன்று இல்லை. அந்த இடத்தில் சி.பி.எஸ். தொலைக்காட்சி வளாகம் எழுந்தது. கில்மோர் ஃபீல்டு என்பது பக்கத்தில் இருந்த பேஸ்பால் மைதானம், ஃபுட்பால் ஆட்டம் அங்கே நடக்கவில்லை.

அணிப் பெயர்களிலும் கவனம் வேண்டும். ஜயன்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், ஹாலிவுட் ஸ்டார்ஸ் எல்லாம் அன்று பேஸ்பாலிலும் இருந்தன, ஃபுட்பாலிலும் இருந்தன. பிட்ஸ்பர்க் ஃபுட்பால் அணி ஸ்டீலர்ஸ் ஆனது 1940இல்தான். வாஷிங்டன் அணியின் அன்றைய பெயர் இன்று கைவிடப்பட்டது, இப்போது கமாண்டர்ஸ். சிகாகோ கல்லூரி ஆட்டத்தில் எப்போதும் முந்தைய ஆண்டுச் சாம்பியன்தான் ஆடியது என்று எண்ணி 1935 பேர்ஸைச் சாம்பியன் ஆக்கிவிடாதீர்கள். 1934 சாம்பியன் ஜயன்ட்ஸ், ஆனாலும் ஆடியது பேர்ஸ்.

1951இல் ஆட்டம் திரும்ப வந்தபோது சாம்பியன் எதிர் மற்றவர்கள் என்ற அமைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் எதிர் நேஷனல் கான்ஃபரன்ஸ் என்று வைத்தார்கள். இவை 1950 முதல் 1952 வரை இருந்த பிரிவுகள், இன்றைய ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. அல்ல. இரண்டு பக்கமும் பழகாத அணி என்பதால் பழக்கத்தின் சாதகம் யாருக்கும் இல்லை. இடைப்பட்ட எட்டு ஆண்டில் ஆட்டமும் மாறியிருந்தது. ஆளை இஷ்டப்படி மாற்றலாம், கோச் வெளியிலிருந்து பேசலாம். ஏறக்குறைய எல்லா அணிகளும் டி ஃபார்மேஷனுக்கு வந்துவிட்டன, சிங்கிள் விங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது பிட்ஸ்பர்க் மட்டும்தான். சென்டர் கையிலிருந்து குவார்ட்டர்பேக் கைக்கு நேராகப் போகும் பந்தை, முன்பின் தெரியாத இருவர் ஒரு மதியத்தில் பழகிவிடலாம்.

அமெரிக்கன் பக்கம் கோச் கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் பால் பிரவுன், அவருடைய சொந்தக் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாமும் அதே அணியில். நேஷனல் பக்கம் கோச் ராம்ஸின் ஜோ ஸ்டைடஹார். மூன்று வாரம் முன்பு நடந்த இறுதி ஆட்டத்தில் பிரவுன்ஸ் 30-28 என்று ராம்ஸை வென்றிருந்தது. கொலிசியத்தில் 53,676 பேர் முன்னால் இந்த முறையும் பிரவுன் பக்கம்தான் ஜெயித்தது, 28-27.